சிவப்பு டேப் சுற்றிய அரை லிட்டர் பாட்டில்

ஆட்டோக்காரா,

இன்று காலை கடையில் சர்க்கரை டின்னை நகர்த்தியபோது உன் பாட்டில் உருண்டு வந்தது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கழுத்தருகே நீ சுற்றிவிட்ட சிவப்பு டேப் இன்னும் விடவில்லை. "இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி ஊத்தினே, இன்னொரு கையையும் நானே ஒடிச்சிடுவேன்" என்று நீ மிரட்டியது நினைவுக்கு வந்து, தனியாக நின்று சிரித்தேன்.

என் வலது கை இல்லாவிட்டால் மயிலாப்பூருக்குக் காபி ஏது? நான் உயர்த்தி ஆற்றினால், மேல் டம்ளரிலிருந்து கீழ் டபராவுக்குக் காபி வந்து சேர்வதற்குள் ஆள் பாதி பேப்பரைப் படித்துவிடுவார். கோபுரத்துப் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அந்தக் கையில்தான் மார்கழியில் ஒருநாள், முழங்கையின் வெளிப்பக்கம், ஊசி ஏற்றியதுபோல் வலி. வெறும் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. டாக்டர் டென்னிஸ் எல்போ என்றார். நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் சின்ன வயதில் வெளிநாட்டுக்காரனையே ஜெயித்தவன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். நீயும் முகம் மாறாமல், "ஆமா, நான்தான் பந்து பொறுக்கினேன்" என்று சாட்சி சொன்னாய்.

முதலாளிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "பங்குனித் திருவிழாவுக்குள்ள கை சரியாகலேன்னா மெஷின் வச்சிடுறேன் மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க" என்றார். முப்பது வருஷம் நான் நின்ற இடத்தில் மெஷின்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு மட்டும்தான் அது தெரியும்.

மறுநாளே என்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டு மந்தைவெளி பிசியோதெரபி கிளினிக்குக்குக் கொண்டுபோனாய். அங்கிருந்த பெண் ஜெல் தடவிக் கருவியால் தேய்த்து, முழங்கைக்குக் கீழே பட்டை கட்டி, ஒரு பயிற்சி சொன்னது. கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கை உதவியோடு மணிக்கட்டை உயர்த்தி, வலது கையால் மட்டும் மெள்ள இறக்க வேண்டும்.

"பத்து தடவை போதும் அங்கிள். மெதுவா இறக்குறதுதான் வைத்தியமே."

பத்தா? எனக்கா? வீட்டுக்குப் போய் இரண்டு லிட்டர் பாட்டிலோடு நூறு போட்டேன். உன்னிடம் ஐந்நூறு என்றேன். மறுநாள் பல் தேய்க்கப் பிரஷ் பிடிக்க முடியவில்லை.

"இன்னா மாஸ்டர், மலையைத் தூக்கினியா?" என்றாய். "காபி ஆத்துற ஸ்பீடுல இறக்கினா எப்டிடா கை வரும்? இனிமே நான்தான் எண்ணுவேன்."

அன்றுதான் அரை லிட்டர் பாட்டிலில் டேப் சுற்றினாய். பிறகு தினமும், சவாரிக்குப் போகும்முன், எனக்காக எண்ணினாய். அவ்வளவு மெதுவாக எண்ணிய மனிதனை நான் பார்த்ததில்லை. "ஒண்ணு" என்பாய். தெருவில் போகிற யாரிடமோ நலம் விசாரிப்பாய். பிறகுதான் "ரெண்டு." ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வாய் காபி. நான் இடது கையால் ஆற்றியது, நுரையே இருக்காது.

"காபி எப்டி கீது?" என்று உன் பாஷையிலேயே கேட்பேன்.

"சூப்பரா கீது நைனா."

தேர் அன்று காலை பட்டையைக் கழற்றிவிட்டு வலது கையால் ஆற்றினேன். வலி இல்லை. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். முதல் டம்ளரை உன்னிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "டேய், அப்போ மூணு மாசமா நான் இன்னாத்தடா குடிச்சிக்கினு இருந்தேன்?" என்றாய். கடையே சிரித்தது. மெஷின் பேச்சு அத்தோடு போயிற்று. நான் மட்டும் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

போன ஐப்பசி மழையில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். பந்து பொறுக்கியவன் இல்லாமல் டென்னிஸ் கதை எடுபடவில்லை, விட்டுவிட்டேன். கை மட்டும் நன்றாக இருக்கிறது. இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இன்று அந்தப் பாட்டிலில் உன் கோடு வரை தண்ணீர் ஊற்றி, உன் கணக்கிலேயே இறக்கிப் பார்த்தேன். துளியும் வலியில்லை. ஏழு வந்ததும் கை தானாக நின்றது. நீ ஒரு வாய் குடித்து முடிக்கும் நேரம் விட்டு, எட்டு என்றேன்.