மழையில்லாத நாளில் அடித்த சைரன்

நமுனுகுல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கௌசிகாவுக்கு,

பட்டதாரிக்கு, அதுவும் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட சாப்ட்வேர் இன்ஜினியர் அம்மணிக்கு, ஜெசீகாவின் பெரிய வணக்கம்! வாட்ஸ்அப்பில் வாழ்த்தினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், முழுவதும் படி. எனக்கு இன்னும் கால் தரையில் நிற்கவில்லையடி!

நேற்றுக் காலை நம் புரோகிராமிங் குழு பதுளையில் கூடியது. உன்னை வாழ்த்தி ஆளுக்கொரு வரி எழுதினோம். அதைக் குழுவினரின் போன்களுக்கு மட்டும் அனுப்பச் சொன்னால், நம் ஹிஷாம் நீ எழுதிய மண்சரிவு எச்சரிக்கை புரோகிராமில் போட்டு அழுத்திவிட்டான். உங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு போன் மிச்சமில்லாமல் சைரன் அடித்திருக்கிறது.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலை மைதானத்துக்கு ஓடியிருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு போனைப் பார்த்தால், கௌசிகா பட்டம் வாங்கி வேலையிலும் சேர்ந்துவிட்டாள், வாழ்த்துகள் என்று இருக்கிறதாம்! நாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்கு ஓடி வந்தோம். திட்டுவார்கள் என்று பார்த்தால், புள்ள பாஸானதுக்கு எங்கள இப்புடி ஓட விட்டீங்களே, பிளேன்டீயாச்சும் ஊத்துங்க என்று சிரிக்கிறார்கள். சைரன் அடித்தால் யார் ஓடப் போகிறார்கள் என்று நீ எத்தனை முறை கவலைப்பட்டிருப்பாய்! ஓடினார்கள், கௌசி. நீ எழுதிய புரோகிராம் வேலை செய்கிறது.

ஒருவர் மட்டும் மைதானத்துக்கு வரவில்லை. உன் அம்மா.

பயப்படாதே, நன்றாக இருக்கிறார். லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். போன் சத்தம் போட்டதும் நீதான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, அதைக் காதில் வைத்துக்கொண்டு கௌசி, கௌசி என்று கத்திக்கொண்டே உள்ளேயே இருந்திருக்கிறார். அது சைரன் என்று சொன்னேன். புள்ளைக்குப் புது வேல, நேரம் கெடைக்கும்போது கூப்பிடும் என்று எனக்கே சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைக் கேட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே. உன் வேலை எங்கள் எல்லாருக்கும் பெருமை. ஹிஷாமும் நானும் இப்போது சைரனோடு குரலும் வருகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் போனுக்கு உன் குரல்தான் வேண்டும். அம்மா, போன கையில எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு ஓடுங்க என்று பதிவு செய்து அனுப்பு. வேறு யார் சொன்னாலும் அவர் அசைய மாட்டார்.

ஆண்டவர் உன்னை மேலும் மேலும் உயர்த்தட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கௌசி. இனி உன் குரலை அம்மா முதலில் கேட்பது ஒரு மழை நாளின் சைரனோடு என்று ஆகிவிட வேண்டாம். இந்தக் கடிதத்தை மடிக்கும் முன்பே அவரைக் கூப்பிடு.

குழுவில் உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடாத,
ஜெசீகா