கிரகணம் பார்க்க ஒரு காடு

டிசம்பர் 14, 2019, சனி

விடியப்புறம் மழை. பத்து மணிக்கு விட்டது. தோய்த்த உடுப்பெல்லாம் உள்ளே கொடியில், வீடு முழுக்க ஈர நாற்றம்.

இன்றைக்கு இடம் பார்க்கப் புறப்பட்டாயிற்று. குணம் சேர் அவருடைய மோட்டார் சைக்கிளில் முன்னால், நான் ஸ்கூட்டியில் பின்னால். அவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல், நான் விஞ்ஞானம். இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற வானியல் கழகத்தில் பிள்ளைகள் இருபது சொச்சம். 26ஆம் திகதி காலை சூரிய கிரகணம். முழுக் கிரகணம் அல்ல. நடுவை மறைத்து, சுற்றிவர ஒரு நெருப்பு வளையம் விடுகிற கிரகணம்.

முதலில் காரைநகர். சவுக்கு மரம் உண்டு, கடல் உண்டு, கிறிஸ்மஸ், நத்தார் என்று லீவுக்கு வருகிற சனமும் உண்டு. மரத்தடியில் போத்தல்கள், சோற்றுப் பார்சல் தாள், ஒற்றைச் செருப்பு. ஒருத்தன் பாட்டுப் பெட்டியை உச்சத்தில் விட்டு ஆடிக்கொண்டு நிற்கிறான். பட்டப்பகல். சரிவராது.

"எங்கடை கொக்குவிலிலையே ஒரு மொட்டை மாடியிலை நிண்டு பாத்தால் என்ன டீச்சர்?"

எத்தனை தரம் சொல்வது இந்த மனுசனுக்கு. சூரியன் எங்கள் தலைக்கு மேலும்தான் வரும், ஆருக்குத் தெரியாது? ஆனால் வீட்டில் விட்டால் ஒரு பிள்ளையும் முற்றத்துக்கு வராது. கதவு பூட்டு, யன்னல் பூட்டு, சோற்றுப் பானைக்குள் தர்ப்பை, முழுகும் வரை வாயில் பச்சைத் தண்ணீர் படாது. முதல் நாள் பின்னேரமே அள்ளிக்கொண்டு போய் எங்காவது காட்டுக்குள் கூடாரம் போட்டால்தான் உண்டு. பெற்றோருக்குக் கொடுத்த கடிதத்தில் 'இயற்கை முகாம்' பெரிய எழுத்தில், 'கிரகணம்' சின்ன எழுத்தில். குணம் சேரின் யோசனை. இப்படியான விசயத்தில் மட்டும் மூளை வேலை செய்யும்.

பூட்டுகிற கதை எனக்குப் புதிதா? 2010இலும் ஒரு வளையம் வந்தது, பொங்கலுக்கு அடுத்த நாள் மத்தியானம். ஆரணி வயிற்றில். மாமி என்னை அறைக்குள் விட்டு யன்னல் இடுக்குகளிலெல்லாம் பழஞ்சேலை அடைத்தார். நான் விஞ்ஞான டீச்சர். கட்டிலில் கிடந்தேன், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெளியே வெளிச்சம் மங்கினது சேலைக்குள்ளாலும் தெரிந்தது. எத்தனை வருடமாகக் கரும்பலகையில் கிரகணம் கீறுகிறேன், ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. இதை விட்டால் அடுத்த வளையம் இந்தப் பக்கம் வர இன்னும் பதினொரு வருடத்துக்கு மேல். அப்போது ஆரணி எங்கேயோ. நான் எப்படியோ.

டிசம்பர் 17, செவ்வாய்

ஸ்கூட்டி முழுக்கச் சேறு. முதுகு நோவு.

வடமராட்சி கிழக்கு முழுக்க ஓடினோம். நாகர்கோவில் பக்கம் பனையும் பற்றையும், நல்ல வெளி. இறங்கி நாலு அடி வைக்கவில்லை, சிவப்புப் பலகையில் மண்டையோடு. மிதிவெடி. பலகை பழசு, எல்லாம் எடுத்து முடித்திருப்பார்கள் என்கிறார் குணம் சேர். "அப்ப நீங்கள் முன்னாலை நடவுங்கோ" என்றேன். மனுசன் சத்தம் போடாமல் திரும்பி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

சுண்டிக்குளம்: பறவைகளுக்கான இடம், அனுமதி வேண்டும். வெள்ளம். முதலை. தூரம் வேறு. பட்டியலிலிருந்து வெட்டியாயிற்று.

திரும்பி வருகிற வழியில் அந்தோனிக்கரை. சின்ன மீன்பிடிக் கிராமம். ஒரு கோயில், ஒரு மணல்மேடு, மேட்டுக்குப் பக்கத்தில் சவுக்கங்காடு. உள்ளே நடந்தால் நடுவில் வட்டமாக ஒரு வெளி, தென்கிழக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது. வளையம் வருகிற ஒன்பதரைக்குச் சூரியன் சரியாக அங்கேதான் நிற்கும். காலுக்குக் கீழே சவுக்கிலை மெத்தை. காற்று மர உச்சியில் மட்டும் இரைகிறது, கீழே ஒரு தாள் பறக்காது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இதுதான், இனி வேறெங்கும் அலையத் தேவையில்லை.

காட்டு விளிம்பில் ஒரே ஒரு வீடு. ஸ்டெல்லா அக்கா. ஐம்பது வயது இருக்கும். முற்றத்தில் கிழிந்த வலை தைத்துக்கொண்டிருந்தார். கிணறும் கக்கூசும் பாவிக்கலாமா என்று கேட்டேன்.

"பாவியுங்கோவன். உவர் இல்லாத தண்ணி. எப்ப வாறியள்?"

"இருபத்தைஞ்சு பின்னேரம் வந்து, இருபத்தாறு மத்தியானம் போயிடுவம்."

ஊசியை வலையில் குத்தி வைத்தார். பிறகு "வாங்கோ" என்றார். நத்தார் நேரம் கரைச்சல் கொடுக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

வாங்க: தறப்பாள். நுளம்புத் திரி. சம்பலுக்கு வெங்காயம் (விலை கேட்டால் தலை சுற்றும்). கிரகணக் கண்ணாடி கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை, போன் எடுத்துக் கேட்க. ஆரணிக்குச் சப்பாத்து.

டிசம்பர் 20, வெள்ளி

கண்ணாடி வந்தது. எண்ணிப் பார்த்தேன், சரி. ஒன்றைப் போட்டு முற்றத்தில் சூரியனைப் பார்த்தேன். சின்னத் தோடம்பழம் மாதிரி, உருண்டையாய்ச் செம்மஞ்சளாய்.

மாமி ஆரணியை விடமாட்டாராம். "கிரகணம் பிடிக்கேக்கை பொம்பிளைப் பிள்ளையைக் காட்டுக்குள்ளை கொண்டு திரியப் போறாளாம் தாய்." எனக்குச் சொல்லவில்லை. அடுப்புக்குச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் சிவா பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். "இஞ்சேரும், இருபத்தாறு எண்டால் சுனாமி நாளெல்லே? உந்தக் கரையிலையும் எத்தினை சனம் போனது."

வாயில் வைத்த புட்டு அப்படியே நின்றது.

எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இதே வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே நான். ஒரு வருடமாக இருபத்தாறு, இருபத்தாறு என்று சொல்லிச் சொல்லி அது கிரகணத்தின் நாளாகவே ஆகிவிட்டது. எங்களுக்குக் கடல் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த வெளியில் கேட்ட இரைச்சலில் பாதி கடல் என்பதுகூட உறைக்கவில்லை. கடல் வந்ததும் ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில்தான். அதே நேரம். கடவுளே, அந்த மனுசியிடம் போய்க் கக்கூஸ் கேட்டேன்.

டிசம்பர் 21, சனி

தனியாகப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாழைப்பழச் சீப்பு. வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து, போனதும் எல்லாம் மறந்து போயிற்று.

"அக்கா, எனக்கு நாள் யோசனை வரேல்லை. நாங்கள் வேறை இடம் பாக்கிறம்."

"இனி எங்கை பாப்பியள்? பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டியள்."

உள்ளே கூட்டிப்போனார். சுவரில் படம். மகள் மெர்லின், ஏழு வயது. நத்தார்ச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அதோடேயே படுத்தவளாம். "ஊத்தையாக்கிப் போடுவாய் எண்டு காலமை ஏசினனான்" என்றார். அழவில்லை. 

ஒவ்வொரு வருடமும் கடல் வந்த நேரத்துக்கு ஊர் முழுக்கக் கரையில் போய் நிற்குமாம். மெழுகுதிரி, செபம், அதற்குப் பிறகு போனவர்களின் பெயர் வாசிப்பார்கள். ஒவ்வொன்றாக, ஆறுதலாக.

"வருசத்திலை அவளின்ரை பேரை இன்னொரு ஆள் சொல்லிக் கேக்கிறது அண்டைக்கு மட்டும்தான் டீச்சர். இவர் வீட்டிலை சொல்லமாட்டார். நானும் சொல்லுறேல்லை. அதைக் கேக்கத்தான் போறனான்."

எழும்பும்போது சொன்னார்: "காடு எங்கடையே? வாங்கோ. அந்த நேரம் சத்தம் மட்டும் போடாதேங்கோ."

"ஒரு சத்தம் வராது அக்கா. நான் பொறுப்பு."

திரும்பும்போது காட்டு நடு வெளியிலிருந்து கரைக்கு நடந்து பார்த்தேன். கூப்பிடு தூரம்கூட இல்லை. நடுவில் நாலு வரிசை மரம்.

சிவா: "மாத்தும். பேசாமல் மாத்தும்." குணம் சேருக்குப் போன் எடுத்தேன், பள்ளிக்கூட மைதானம் கேட்டு வைக்கவா என்றார். வேண்டாம் என்றேன். ஸ்டெல்லா அக்காவே வாங்கோ என்று சொன்னவ என்று சிவாவிடம் சொன்னேன். "வேறை என்ன சொல்லுவா?" என்றார். இருந்தும் மாற்றவில்லை. மைதானம் என்றால் பாதிப் பிள்ளைகள் வராது, உண்மை. அந்த வட்டமான வெளியை விட எனக்கு மனமில்லை, அதுவும் உண்மை.

டிசம்பர் 25, புதன்

கூடாரத்துக்குள், டோர்ச் வெளிச்சத்தில். தூறல். முகில் கட்டிக்கொண்டு நிற்கிறது. நாளைக்கும் இப்படி என்றால் செத்தேன்.

ஆரணி வந்துவிட்டாள். மாமி கடைசி நேரத்தில் திருநீறு அள்ளிப் பூசி, சட்டைப் பைக்குள்ளும் ஒரு பொட்டலம் வைத்து விட்டார்.

ஸ்டெல்லா அக்கா ஒரு தட்டம் நிறையக் கேக்கும் பலகாரமும் அனுப்பினார். பிள்ளைகள் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடியச் சொன்னேன், நாளைக்குக் கரையில் நிற்கிறவர்கள் ஆர், எதற்கு நிற்கிறார்கள் என்று. ஒருவரும் அசையவில்லை. வளையம் வந்தால் கையை மட்டும் உயர்த்துவது, வாய் திறப்பதில்லை. மூன்று தரம் ஒத்திகை. "கத்துறவைக்கு வீட்டை போக அடுத்த பஸ்" என்றேன். குணம் சேரையும் பார்த்துத்தான் சொன்னேன்.

டிசம்பர் 26, வியாழன்

வீடு. முழுகியாயிற்று. மாமி சொல்லி இல்லை, சேறு.

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

காலை முழுக்க முகில். எட்டரை, ஒன்றுமில்லை. ஒன்பது, ஒன்றுமில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கின்றன, முகிலை நான் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. வெளிச்சம் மட்டும் பழசாகிக்கொண்டு வருகிறது. காகம் ஒன்றும் இல்லை. மரத்துக்கு அப்பால் செபம். கோயில் மணி. பிறகு ஒரே அமைதி. பிறகு ஒரு ஆணின் குரல், பெயர்கள் வாசிக்கத் தொடங்கியது. காற்று அந்தப் பக்கத்தால் வந்ததால் சிலது விளங்கியது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. பெருமையாக இருந்தது எனக்கு.

முகில் கிழிந்தது. அவ்வளவுதான் தெரியும். அங்கே, முழுசாக, ஒரு வளையம்.

"ஐயோ! பார்! ஆரணி, பாரடி! வந்திட்டுது! வந்திட்டுது!"

என் குரல். அடித்தொண்டையிலிருந்து. ஒரு தரம் இல்லை, திருப்பித் திருப்பி. நான் துள்ளினேனாம், ஆரணி சொல்கிறாள். அதோடு பிள்ளைகளும் விட்டார்கள், கைதட்டு, விசில், கூக்குரல், காடு முழுக்க. குணம் சேர் ஒருத்தர்தான் கையை உயர்த்திக்கொண்டு வாயை மூடி நின்றவர்.

ஆரணிதான் என் சேலையை இழுத்தாள். "அம்மா. அம்மா, கரை."

மரங்களுக்கிடையால் தெரிந்தது. சில பேர் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை, கை காட்டவில்லை. வாசித்தவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். ஸ்டெல்லா அக்காவை நான் தேடவில்லை. தேடப் பயம்.

வளையம் எப்போது உடைந்தது, தெரியாது. மிச்சத்தை நான் பார்க்கவில்லை. கூடாரத்தைச் சுருட்டினோம். பிள்ளைகள் வான் வண்டிக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அதுகளில் என்ன பிழை.

சிவா கேட்டார், பாத்தனீரோ என்று. ஓம் என்றேன்.

டிசம்பர் 28, சனி

வெயில். இரண்டு நாளாக நல்ல வெயில், நாசமாய்ப் போன வெயில்.

ஸ்டெல்லா அக்காவின் கிணற்று வாளி எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. அதைக் கொடுக்கிற சாட்டில் போனேன். ஸ்கூட்டியைப் படலையடியில் விட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். அவரே கண்டு கூப்பிட்டார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். அதுதான் இன்னும் கொல்கிறது.

"அக்கா, வாக்குத் தந்தது நான், கத்தினதும் நான்."

"தெரியும். உங்கடை குரல் எனக்கு விளங்கினது."

"என்னை ஏசுங்கோ அக்கா."

"ஏசி என்ன டீச்சர். உங்களிலை கோவமில்லை." தன்னுடைய தேத்தண்ணியைத் தொடவில்லை. "நீங்கள் கத்தினவுடனை நானும் நிமிந்து பாத்திட்டன்."

அதற்கு என் வாயில் வந்தது: "வெறுங்கண்ணாலையோ?" சனியன் பிடித்த டீச்சர் வாய்.

"முகில் இருந்ததுதானே, கூசேல்லை. என்ன வடிவு டீச்சர். நான் உப்பிடி ஒண்டைக் கண்டதே இல்லை. எல்லாத்தையும் மறந்துபோய்ப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

முற்றத்தில் கோழி ஒன்று வலையில் காலை மாட்டிக்கொண்டு இழுத்தது. போய் அதை எடுத்து விட்டுவிட்டு வந்தார்.

"பிறகு காது குடுக்கேக்கை சூசையின்ரை பேர் வாசிக்கினம். பட்டியலிலை சூசை மெர்லினுக்குப் பிறகு வாறவன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இனி வாற வருசம்தான்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.