மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

1986 ஏப்ரல் 12
மாதேஸ்வரன் தோட்டத்தில் இன்று கரும்பு வெட்டு ஆரம்பம். மாரண்டஹள்ளியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். தம்பி பெண்டாட்டி இசபெல்லாவும் வந்துவிட்டாள். தம்பி சவரி போனபிறகு அவள் கரும்புக் காட்டில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. போன வருஷம் இதே வெயில் காலத்தில், வேறொரு காட்டில், மழைக்குப் பனைமரத்தடியில் ஒதுங்கினான் சவரி. இடி விழுந்தது. நான் அந்தக் காட்டின் மறுகோடியில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வேண்டாம், வீட்டோடு இரு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். வூட்டுல உக்காந்து என்ன மாமா பண்ணச் சொல்றீங்க என்றாள்.

ஏப்ரல் 15
சாயங்காலம் மேற்கே கருத்தது. மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பித்தேன். நாற்பது தாண்டித்தான் உறுமல் கேட்டது.

ஸ்கூலில் படித்தது. வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தம் வினாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்தான் நகரும். எண்ணினதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். பரீட்சையில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டேன். அப்புறம் எதற்குமே அது தேவைப்பட்டதில்லை. தம்பியைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் திரும்ப ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 16
காலையில் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். முப்பதுக்குக் கீழே வந்தால் கத்தியைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய்விட வேண்டும். உள்ளே சுவிட்ச் போர்டைத் தொடக்கூடாது, சுவரில் சாயக்கூடாது. மரத்தடி கூடவே கூடாது.

பச்சியப்பன் சிரித்தான். "முப்பதுன்னா பத்து கிலோமீட்டருங்க மேஸ்திரி. அங்க இடிச்சதுக்கு இங்க ஏன் ஓடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். இசபெல்லா மட்டும் சிரிக்கவில்லை. தலையும் ஆட்டவில்லை.

ஏப்ரல் 19
இரண்டு தடவை நிறுத்தினேன். இருபத்தாறு. இருபத்தெட்டு. எல்லோரும் மோட்டார் ரூமில் முட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு மழைகூட இல்லை. வெளியே வந்தால் வெயில் பல்லைக் காட்டுகிறது. டிராக்டர் பாதி லோடோடு நின்றது. மாதேஸ்வரன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 21
மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஒன்றுமில்லை.

சாயங்காலம் மாதேஸ்வரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆலையின் கட்டிங் ஆர்டர் கெடு முடிய இன்னும் சில நாள்தான், வெட்டின கரும்பு காய்ந்தால் எடை போச்சு, உன்னால் முடியாவிட்டால் வேறு வெட்டு ஆள் செட்டைக் கூப்பிடட்டுமா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு எண்ணாமல் விட்டுவிடலாமா? எண்ணிக்கையை இருபதாகக் குறைத்தால்?

ஏப்ரல் 23
மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது இசபெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் தள்ளி இருந்தார்கள்.

"அன்னைக்கு நீங்க எண்ணியிருந்தா அவரு இருந்திருப்பாரா மாமா?"

என்ன சொல்வது? இருந்திருப்பான் என்றால் மீதி ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். இல்லை என்றால், அப்புறம் எதற்கு இத்தனை பேரை நிறுத்திவைக்கிறீங்க என்று கேட்பாள். அன்றைக்குக் காலையிலிருந்தே எங்கேயோ உறுமிக்கொண்டுதான் இருந்தது. யார் மின்னலைப் பார்த்தது? யாருமே பார்க்கவில்லையே. குனிந்து வெட்டிக்கிட்டே இருந்தோம்...

தெரியல இசபெல்லா என்றேன். அவள் கஞ்சித் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

ஏப்ரல் 26
எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மூன்று மணி வாக்கில் தெற்கே மின்னல். முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தேழு. கூப்பிட்டேன். ஆறு பேர் கத்தியைப் போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பச்சியப்பன் டிரெய்லர் மேலே நின்று கட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். லோடு முடியட்டும் மேஸ்திரி, இன்னும் கொஞ்சம்தான் என்று கத்தினான். அடுத்த மின்னல், பதினெட்டு. அப்படியென்றால் ஆறு கிலோமீட்டர். நான் கூப்பிடக் கூப்பிட அவன் அசையவில்லை.

இசபெல்லா வாசல் வரை வந்தவள் திரும்பி ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். டிரெய்லருக்குக் கீழே நின்று அவனை அண்ணாந்து பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட வந்து நான் சொல்லமாட்டேன். என்கிட்ட வந்து சொன்னாங்க பாரு, அந்த மாதிரி என்னால சொல்ல முடியாது. நீயே எறங்கு."

இறங்கினான். மூன்று பேரும் ஓடினோம். உள்ளே வந்து மூச்சுகூட வாங்கியிருக்க மாட்டோம். வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதோடேயே சத்தம். எண்ண இடமே இல்லை. ஒன்று என்று வாய் திறக்கக்கூட இல்லை.

டிரெய்லர் பக்கத்திலிருந்த தென்னை நெடுக்கப் பிளந்துவிட்டது. லோடின் மேலே காய்ந்த இலைச் சோகை பற்றி எரிந்தது. அப்புறம் மழை கொட்டி அணைத்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. பச்சியப்பன் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான், வெகுநேரம்.

ஏப்ரல் 27
ஞாயிறு. மாதா கோவில் பூசையில் மனம் நிற்கவில்லை. முந்தினது ஆறு கிலோமீட்டர் தள்ளி. அடுத்தது தலைக்கு மேலே. நடுவில் படிப்படியாகக் குறைந்து வரும் என்றல்லவா நினைத்திருந்தேன்? விழுந்தது எங்கே என்றுதான் கணக்கு சொல்கிறது. அடுத்தது எங்கே என்று சொல்வதில்லை. முப்பதை இருபதாக்கியிருந்தால் ஒரு மின்னல் தாமதமாகத்தான் கூப்பிட்டிருப்பேன். பச்சியப்பன் இறங்கியிருப்பானா?

சவரிக்கும் அப்படித்தான், முந்தினது எங்கேயோ உறுமி, அடுத்தது தலைமேல் விழுந்திருக்கும். இதை இசபெல்லாவிடம் சொன்னேன். அப்போ முப்பதுக்கே ஓடிடணும் என்றாள். அழுதாள். ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது இன்றுதான்.

ஏப்ரல் 28
மாதேஸ்வரன் வந்து தென்னையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேறு செட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆலைக்குப் போய் ஆர்டர் கெடுவைத் தள்ளிக் கேட்கிறேன் என்றார்.

மே 9
கடைசி லோடு பாலக்கோட்டு ஆலைக்குப் போய்விட்டது. இரண்டு நாள் தாமதம். இடையில் ஐந்து தடவை நிறுத்தினோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

மே 30
அடுத்த வெட்டுப் பட்டத்துக்கு இசபெல்லா தனியாக ஒரு செட் சேர்க்கிறாள். மாதேஸ்வரன் தன் மேட்டுக்காட்டு வெட்டை அவளுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். என்னிடமிருந்து மூன்று பேரைக் கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். மூன்று பேரில் முதலில் போய்ப் பேர் கொடுத்தவன் பச்சியப்பன்.