ஒரு படி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அத்தை,

இன்று காலை மாட்டுக்குத் தவிடு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் புது மூட்டையைப் பிரித்ததும் அந்த வாசனை குப்பென்று எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்கம்மா, தவுட்டப் பாத்துச் சிரிக்கறீங்க?" என்றார். ஒரு காலத்தில் என் விலையே அதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம்தான் சொல்லிச் சிரிக்க முடியும். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது.

அம்மா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. நானும் காய்ச்சலில் கிடந்தேனாம். பிழைக்காது என்று தோன்றும் பிள்ளையை இன்னொருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் எமன் ஏமாந்து போவான் என்பது நம் பக்கத்து வழக்கம். கோயில் வாசலில் வைத்து நீங்கள் ஒரு படி தவிடு அளந்தீர்கள். உங்கள் தம்பி, அதாவது என் அப்பா, அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு என்னை உங்கள் மடியில் போட்டார். பிள்ளை தேறியதும் பெற்றவர் அந்த ஒரு படியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போக வேண்டும். நான் ஒரே மாதத்தில் தேறிவிட்டேன். மேட்டூரில் அணை வேலை என்று கிளம்பிய அப்பாதான் வரவில்லை. ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. எடப்பாடியில் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்து, ஒற்றை ஆளாக என்னை வளர்த்தீர்கள்.

எட்டு வருடம் கழித்து ஒருநாள் வாசலில் வந்து நின்றார். கோலாரில் இன்னொரு மனைவியாம், இரண்டு கைக்குழந்தைகளாம். "பசங்களத் தூக்கி வெச்சுக்க ஆளில்லக்கா. எம்புள்ளைய அனுப்பி உடு" என்றார். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"வேலைக்கு ஆள் வேணும்னா சந்தையில போய்த் தேடு" என்றீர்கள்.

பெற்றவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றது ஊர். நீங்கள் மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பிடித்தீர்கள். அவர் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்: கூண்டில் ஏறினால் தவிட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது.

நீங்களா கேட்பீர்கள்! கோர்ட்டில், பிள்ளை உன்னிடம் எப்படி வந்தது என்று ஜட்ஜ் கேட்டதுமே, "நான் வெலைக்கு வாங்குனதுங்க சாமி" என்றீர்கள். நம் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர் வக்கீல் துள்ளி எழுந்து, குழந்தையை விலைக்கு வாங்கியதை இவளே ஒப்புக்கொண்டாள் என்று கூவினார். ஜட்ஜ் அவரைக் கையமர்த்தி, விற்றது யார் என்று கேட்டார்.

"இதா நிக்கறானுங்களே, இவந்தானுங்க. புள்ள தேறுனதும் ஒரு படி தவுட்டக் குடுத்துட்டுக் கூட்டீட்டுப் போகோணுமுங்க. வருவான் வருவான்னு எட்டு வருசம் பாத்தேனுங்க."

ஜட்ஜ் அப்பாவைப் பார்த்தார். "மறந்துட்டேனுங்க" என்றார் அப்பா.

"தவிட்டையா, பிள்ளையையா?"

கோர்ட்டே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எப்போது அம்மை போட்டது, எந்த வகுப்புப் படிக்கிறேன் என்று ஜட்ஜ் ஒவ்வொன்றாகக் கேட்க, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெற்றவன் பிள்ளையைக் கைவிட்டான், இனி அவனுக்கு அவள்மேல் உரிமை கிடையாது, இருபத்தொரு வயதில் மேஜராகும்வரை அத்தையே கார்டியன் என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் ஒரு முழம் பூ வாங்கி என் தலையில் வைத்தீர்கள். "நிமிந்து நட சாமி, ஜெயிச்சுட்டு வாரோம்." அந்த நடையை நான் இன்னும் விடவில்லை அத்தை. கொஞ்சம் குனிந்து நடந்தால் என்னவாம் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது என்றே சொல்கிறேன்.

எனக்கு இருபத்தொரு வயது முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டிருந்தேன். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். "கோர்ட்டுச் சொன்ன கெடு முடிஞ்சுது. இனி உம்மேல ஆருக்கும் உரிமையில்ல, எனக்குந்தான். போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு." ஜட்ஜ் முன்னால் நடுங்காத குரல் அப்போது நடுங்கியது. நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

தீர்ப்பு சொன்னபடி உங்களிடம் பதினோரு வருடம் இருந்தேன். அதன்பின் நீங்கள் கண்மூடும்வரை இருந்தது, அத்தை, என் இஷ்டம்.