காது மெஷினில் ஒரு கீறல்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. நீயும் சுகமாக, நேரத்துக்குத் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ ஆர்டர் போட்ட காது மெஷினை உன் அப்பா மாட்டிக்கொண்டுவிட்டார். இனி இந்த வீட்டில் வாய்விட்டு ஒரு ரகசியம் பேச முடியாது, அதனால்தான் எழுத்து.

முதலில் நான் செய்த தில்லுமுல்லைச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியூர் வேலைக்கு ஒப்புக்கொண்டு, டிக்கெட்டோடு வந்து நின்றாயே, அன்றிலிருந்து மூன்று வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசியதில்லை. அவருக்குப் போனில் காதும் கேட்காது, பட்டறையில் நசுங்கின கார்க் கதவுகளைத் தட்டித் தட்டி நிமிர்த்தியதில் காது போய்விட்டது. ஞாயிறுதோறும் நீ கூப்பிட, நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து தூது போனேன். அந்தத் தூதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. "இன்னும் உர்ருன்னுதான் இருக்காரா" என்று நீ கேட்டால், போனைக் கையால் பொத்திக்கொண்டு "சாப்பிட்டீங்களான்னு கேக்கறா" என்று அவர் காதில் கத்துவேன். அவர் நாற்காலியிலிருந்து "தானா போனவ தானா வரட்டும்" என்று முணுமுணுப்பார், உன்னிடம் அது "உடம்பைப் பாத்துக்கச் சொல்றார்" என்று வந்து சேரும். இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒரே அச்சு, நான் வேறு என்ன செய்ய.

அதனால் மெஷின் வந்து இறங்கியதும் என் குட்டு உடைந்துவிடுமே என்று பயந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல். எனக்கு உயிர் வந்தது. உன் அப்பாவைத் தெரியாதா, கதவில் ஒரு கோடு இருந்தால் வண்டியைப் பட்டறைக்கு வெளியே விடமாட்டார். பூதக்கண்ணாடியையும் நானே எடுத்துக் கொடுத்தேன். "புதுப் பொருள்ல கீறலா, இதை நான் மாட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வாரன்டி அட்டையோடு சனிக்கிழமை கடைக்குப் போனோம்.

கடையிலிருந்த பெண்ணுக்குப் பொறுமை அதிகம். மெஷின் நன்றாக வேலை செய்கிறது, கீறல் வெளித்தோற்றம்தான், மாட்டினால் அந்தப் பக்கம் தலையை ஒட்டிக்கொள்ளும், யார் கண்ணிலும் படாது என்றாள். "என் கண்ணுல பட்டுடுச்சே" என்றார் இவர். வெளித்தோற்றக் குறைக்கு ஏழு நாளுக்குள் வந்தால்தான் மாற்றுவார்களாம், நாங்கள் ஆறாம் நாள் போயிருந்தோம். கம்பெனிக்கு அனுப்பி வேறு வர நாற்பது நாள் ஆகும் என்றாள். நாற்பது நாளா, நன்றாக அனுப்புங்கள் என்று நான் தலையாட்டினேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மாட்டிச் சோதித்துக்கொள்கிறேன் என்று அவர் காதில் வைத்து முடுக்கினாள். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய்.

பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டேன், கீறல் இருக்கிறதென்று அப்பா மாட்டமாட்டேன் என்கிறார் என்றேன். "அவருக்குப் பிடிக்கலைன்னா தூக்கி மூலையில போடச் சொல்லு, எனக்கென்ன" என்றாய் நீ. நான் போனைப் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, "பாப்பா உங்களுக்கு வசதியா இருக்கான்னு கேக்கறா" என்று கத்தினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதனால்தான் அன்றைக்குச் சட்டென்று போனை வைத்தேன், சிக்னல் போச்சு என்று சொன்னது பொய்.

திட்டப்போகிறார் என்று இருந்தேன். "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு, நீ ஏன் சொல்லலை" என்றார். எனக்கே அது உறைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து உன் குரலைக் கேட்கிற மனுஷனுக்கு உறைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைப் பெண்ணிடம், மாற்ற வேண்டாம், கீறலோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில்தான் விசாரணை. நீ கேட்டதாக நான் சொன்னதில் எது நிஜம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். "சரி, நான் சொன்னதா அவகிட்ட என்ன சொன்னே" என்றார். எல்லாம் ஒப்பித்தேன். வாரன்டி அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அதுல ஒண்ணும் தப்பில்லை, நான் சொன்னதாவே இருக்கட்டும்" என்றார்.

இனி ஞாயிற்றுக்கிழமை போனை அவரே எடுக்கப்போகிறாராம், என்னைப் பக்கத்து அறையில் இருக்கச் சொல்லிவிட்டார். மூன்று நாளாகச் ஷேவிங் செய்யும்போது காதைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் பார்க்கிறார். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளி, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதே. தீர்க்காயுசாக, நிம்மதியாக, கொஞ்சம் பிடிவாதம் குறைந்து நன்றாக இரு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் அப்பா சாப்பிட்டாரா என்று நீ கேட்டிருக்கிறாய். இந்த ஞாயிறும் கேட்டுவிடு.

இப்படிக்கு,
தூது வேலையிலிருந்து நீக்கப்பட்ட
உன் அம்மா