கட்டைவிரல் கேட்கும் ஜிம்

செவ்வாய், இரவு

டோல்கேட் ஜிம்காரன் திருடன். கத்தியைக் காட்டாமல், கையெழுத்தை வாங்கித் திருடுகிறான்.

ஹார்பர் யார்டில் கன்டெய்னர்களுக்கு நடுவில் சிக்கி அண்ணனுக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. ஜிம் மட்டும் ஒரு வருட ஒப்பந்தம் என்று மாதாமாதம் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. நாளை மறுபடி எடுக்கும். கணக்கில் கிடப்பது மருந்துக்கு வைத்திருக்கும் காசு. அதனால் இன்று அண்ணனையே கூட்டிக்கொண்டு ஜிம் மாடி ஏறினேன்.

மேனேஜர் ரேகை மெஷினைத் தள்ளினான். "கேன்சல் பண்ணணும்னா சேர்ந்தப்போ வெச்ச விரலை வெக்கணும் ப்ரோ."

அண்ணன் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தான். "அந்த வெரல் இல்ல மாமு. இடது கைய வெக்கட்டுமா?"

"புது விரல்னா புது மெம்பர்ஷிப் போடணும்."

"இன்னாடா, மூஞ்சி தெரியலியா? டெய்லி உன்னாண்டதான வந்துகினு இருந்தேன்?"

"எனுக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

நான் கத்தினேன். ட்ரெட்மில்லில் ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. அண்ணன்தான் என்னை இழுத்தான். "வா பாப்பா, பேஜாரு பண்ணாத." படியில் அவன் அழுதான். நான் பார்க்காதது போல இறங்கினேன்.

இப்போது தூங்குகிறான். அந்தக் கையைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். எந்த விரலை வைக்க வேண்டும், நீயே சொல் என்று எழுதினேன்.

மேனேஜர் பார்த்துவிட்டான். விடிந்தால் பணம் போய்விடும். மறுபடியும் கேட்டிருக்கிறேன். சொல்லுடா.