சீழ் வைக்காத புண்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
ஜூன் 26, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நான் நலம், நீயும் பிரான்சில், துலூசில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த இடத்தில் அப்பாவும் நலம் என்று எழுதுவது நம் வீட்டு வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நீ நினைப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் "சா வா, சா வா" என்கிறார். எல்லாம் நல்லபடி என்பதற்கு, முப்பத்திரண்டு வருஷம் மின்துறையில் இருந்தவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த விசாரணையையும் முடித்துவிடுகிறார். அதனால்தான் கையால் எழுதி, மார்க்கெட் எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கடைக்காரர் படித்தாலும் பரவாயில்லை, பாதித் தெருவுக்குத் தெரிந்ததுதான்.

உன் விசா நீட்டிப்புக்காக அப்பா நேர்ந்துகொண்டு, ஈஸ்டர் முடிந்ததும் வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் நடந்தது உனக்குத் தெரியும். விசா வந்துவிட்டது, மாதாவின் பேரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்ததையும், அது உடைந்து புண்ணானதையும் உனக்குச் சொன்னோம், ஆறிவிட்டது என்றும் சொன்னோம். ஆறவில்லை. அன்றைக்கு நாங்கள் பொய் சொல்லவில்லை, பார்வைக்கு அது ஆறின மாதிரிதான் இருந்தது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை, வலியும் இல்லை. இருபது வருஷச் சர்க்கரைக்காரருக்கு இவ்வளவு சாதுவான புண் வாய்த்ததே என்று நானும் ஜெபமாலையில் பத்து மணி கூடுதலாக உருட்டினேன்.

புண் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதற்கு நீதான் காரணம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கூடத்தில் உட்கார்ந்து உன் ஆய்வுக்கூடத்து வீடியோ ஒன்றைப் போனில் காட்டினாய், ஞாபகம் இருக்கும். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள், எங்கே கிருமி புகுந்தாலும் வாசம் பிடித்துக்கொண்டு எறும்பு மாதிரி அங்கே போய்விடும் என்றாய், அவை போவதையும் பார்த்தோம். பிறகு கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பொருளைக் கலந்த தட்டைக் காட்டினாய், அதில் அதே அணுக்கள் வழி தெரியாமல் நின்ற இடத்திலேயே உழன்றுகொண்டிருந்தன. அணுவின் மேல் அந்தப் பொருள் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது, ஒட்டிக்கொண்டால் ஓட்டம் குறைகிறது, அணுக்கள் கூட்டமாகப் போய்ச் சேராவிட்டால் வீக்கமும் வலியும் குறையலாம், மூட்டுவாதத்துக்கு உதவுமா என்று பார்க்கிறோம் என்றாய். அதைக் கேட்டதும், முட்டி வலிக்கார அப்பா எழுந்து, இதை இராமதாஸும் பார்க்கணும் என்று எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நீ மீதியைச் சொன்னாய். அணுக்கள் வராவிட்டால் கிருமிக்குக் கேட்பார் இல்லை, உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம், இதெல்லாம் தட்டிலும் எலியிலும் பார்த்தது, மனுஷ உடம்பில் என்ன ஆகும் என்று இன்னும் சரியாகத் தெரியாது என்றாய். அந்தப் பாதியைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அப்பா இராமதாஸை அழைத்துக்கொண்டு வந்தபோது நீ குளிக்கப் போயிருந்தாய், அவர் தமக்குத் தெரிந்த பாதியைத் தாமே விளக்கிச் சொன்னார், மிக நன்றாகவே சொன்னார்.

நீ கிளம்பிப் போன மறுவாரமே கூரியரில் ஒரு பாட்டில் வந்தது. கஞ்சா இலை எண்ணெய், சட்டப்படிதான். கம்பெனியே போனில் ஒரு வைத்தியரைப் பேசவைத்தது, அவர் மூன்று நிமிஷம் பேசிவிட்டுச் சீட்டும் அனுப்பிவிட்டார், போலீஸ் வந்தால் காட்டுவதற்காக அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். நாக்குக்கு அடியில் காலையில் ஆறு சொட்டு, மாலையில் ஆறு சொட்டு. பாட்டில் இருக்கும் இடம் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, உன் பட்டமளிப்புப் போட்டோவுக்குப் பக்கத்தில். வருகிறவர்களிடம் "எம் பொண்ணு மருந்து" என்கிறார். அந்தக் கம்பெனி பெயரைக்கூட நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன், பெரிய கண்டுபிடிப்பில் எல்லாப் பெயரும் போட மாட்டார்கள் என்றார். ஆனால் முட்டி வலி போனது உண்மை. அது போனதால்தான் வில்லியனூர் வரைக்கும் நடந்தார். இராமதாஸும் தவக்காலத்திலிருந்து அதே எண்ணெய்தான் எடுக்கிறார். அவருக்கு நாள்பட்ட இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்தன, இப்போது காய்ச்சல் வருவதில்லை என்று சந்தோஷமாக இருக்கிறார், இருமல் மட்டும் இருக்கிறது, இளைத்துப்போய் இடுப்பில் நிற்காத பேண்ட்டை அரைஞாண் கயிற்றால் கட்டியிருக்கிறார்.

போன வாரம் கட்டு மாற்றும்போது ஒரு நாற்றம் வந்தது. பூச்சாடித் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த நாற்றம். விரல் நுனி நாவற்பழ நிறத்தில் இருந்தது. அப்பா அப்போதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை டாக்டர் சிவசங்கரியிடம் கூட்டிப்போனேன். அவர் புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார், அது எலும்பில் போய் முட்டியது, அப்பா மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று விசாரித்தார். வீங்கிச் சீழ் வைத்திருந்தால் ஏப்ரலிலேயே ஓடி வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர். அதற்குப் பதிலாக அப்பா உன் வீடியோவைக் காட்டினார். அந்த அம்மா அதை முழுவதும் பார்த்தார், பார்த்துவிட்டு, "இதுங்க இப்டி நின்னுட்டா கிருமிய யாருய்யா புடிக்கிறது? அத உங்க பொண்ணு சொல்லலியா?" என்று கேட்டார். அது அடுத்த வீடியோவில் வரும் என்றார் அப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை இப்படிச் செய்யும், செத்துப்போன நரம்பு இப்படிச் செய்யும், எண்ணெயும் சேர்ந்துகொண்டதா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை விரலை எடுக்கிறார்கள். விரலோடு நிற்குமா என்று கேட்டேன், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார், கேட்ட கேள்விக்கு மேலே அவர் கண் அப்பாவின் முழங்கால் வரை போய்விட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். அப்பா எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும், "வெரல எடுத்துக்கட்டும். எம் பொண்ணு மருந்த நிறுத்தச் சொல்ல இவங்க யாரு?" என்றார். அன்று மாலை ஆறு சொட்டு பத்து சொட்டாகிவிட்டது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவள், பாதிப் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே காலம் தள்ளினவள். மீதிப் பாதி என்னிடம் இருந்தது, சொல்லவில்லை. முட்டி வலி போனதிலிருந்து அவர் காலையில் எழுந்து காபி போட்டார், யாரிடமும் எரிந்து விழவில்லை, உன்னைப் பற்றி ஒருநாளைக்கு நாலு தடவை பேசினார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இன்று காலை ஏழு மணிக்குப் பார்க்கிறேன், சுவரோரமாக எறும்பு வரிசை, கட்டில் காலில் ஏறி, கட்டுத் துணிக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூட வழி தவறவில்லை. அப்பா தலையணையில் சாய்ந்து உன் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. சந்தேகத்தோடு பேசுவது உன் தொழில், இருக்கலாம், தெரியவில்லை, இன்னும் பார்க்கவேண்டும் என்பாய், அது நேர்மை என்று எனக்குத் தெரியும். அவரிடம் அப்படிப் பேசாதே, இருக்கலாம் என்று நீ சொன்னதைத்தான் அவர் ஆறு மாதமாக நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், அது என் மருந்து இல்லை, நிறுத்துங்கள் அப்பா என்று சொல். இராமதாஸைக் கூப்பிட அவர் எழுந்து போவதற்கு முன்னால் சொல்லி முடித்துவிடு. இராமதாஸுக்குக் காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனை செய்ய நான் நம் தெரு சரிதாவை அனுப்புகிறேன், பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறவள், அவள் சொன்னால் கேட்பார்.

அங்கே வெயில் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், தண்ணீர் குடி, சாப்பாட்டுக்குப் பதில் காபி குடிக்காதே. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் என்பதை மறக்காதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன், மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புள்ள அம்மா,
வேளாங்கண்ணி பிரகாசம்

பி.கு. மடிக்கப் போகும்போது அப்பா நடந்து வந்து, யாருக்கு எழுதுகிறாய் என்றார். உனக்கு என்றேன். "நா சா வான்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் திரும்பிப் போன வழி முழுக்கத் தரையில் வலது கால் மட்டும் ஈரமாகப் பதிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, துடைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன்.